அம்பாசடர் எஞ்சினில் மேனிஃபோல்டு கேஸ்கெட் கெடாமல் காப்பது எப்படி

காலையில் எஞ்சினை முதல் முறை உயிர்ப்பித்ததும் பானெட்டுக்கு அடியிலிருந்து மெல்லிய சீறல் கேட்கிறது. ஐட்லிங், அதாவது வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம், ஒரே நிலையில் நிற்காமல் ஏறி இறங்குகிறது. வண்டி ஓடத் தொடங்கிச் சிறிது வேகம் பிடித்ததும் எல்லாம் சரியாகிவிட்டதுபோலத் தோன்றுகிறது. பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இதைக் கார்ப்பரேட்டரின் குறை என்று எண்ணி, மாதக்கணக்கில் அதன் திருகுகளைத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். உண்மையில் வேண்டாத காற்று கசிந்து நுழையும் இடம் கார்ப்பரேட்டருக்கும் எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில், மேனிஃபோல்டு என்ற கிளைக்குழாய் ஹெட்டோடு சேரும் மூட்டில் இருக்கிறது. அந்த மூட்டைக் கசியாமல் அடைக்கும், பட்டறைகளில் பேக்கிங் என்று சொல்லப்படும் கேஸ்கெட்டை மாற்றுவது ஒரு நாள் வேலைதான். ஆனால் மாற்றிய ஆறே மாதத்தில் அது மறுபடியும் கெட்டால், கேஸ்கெட்டை அல்ல, அந்த மூட்டைத்தான் ஆராய வேண்டும். எங்கள் வீட்டில் உள்ள 1978ஆம் ஆண்டு அம்பாசடரில் மூன்று கேஸ்கெட்டுகளை வீணாக்கிய பிறகே நான் இதைப் புரிந்துகொண்டேன். அதன் பின் போட்ட நான்காவது இன்றுவரை நிற்கிறது. அதை எப்படி நிற்க வைத்தேன் என்பதைப் பழைய வட ஆற்காட்டுப் பகுதியில் இன்னும் இந்த வண்டிகளை அன்போடு ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

இந்த மூட்டு ஏன் கெடுகிறது

அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின், இங்கிலாந்தின் பி.எம்.சி. நிறுவனம் வடிவமைத்த பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. இதில் காற்றும் பெட்ரோலும் நுழையும் இன்டேக் மேனிஃபோல்டும் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஹெட்டின் ஒரே பக்கத்தில் அருகருகே அமைந்திருக்கின்றன. நான்கு சிலிண்டர்களுக்கும் சேர்த்து இரண்டு இன்டேக் வழிகளும் மூன்று எக்ஸாஸ்ட் வழிகளும் மட்டுமே உண்டு. ஐந்து வழிகளையும் ஒரே நீளமான கேஸ்கெட் அடைக்கிறது. இரண்டு மேனிஃபோல்டுகளின் விளிம்புகளும் சந்திக்கும் இடங்களில் ஹெட்டில் பதிந்த திருகுக் கம்பியான ஒரே ஸ்டட்டும் ஒரு தடித்த வாஷரும் இரண்டு விளிம்புகளையும் சேர்த்து அழுத்துகின்றன. சூடாகும் உலோகமும் ஓரளவு குளிர்ந்திருக்கும் உலோகமும் ஒரே கேஸ்கெட்டையும் ஒரே நட்டையும் பகிர்ந்துகொள்ளும் இந்த ஏற்பாடுதான் சிக்கலின் வேர்.

ஒரு சிறிய கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். வார்ப்பிரும்பு 1 டிகிரி சூடேறினால் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.011 மி.மீ. நீளும். 400 மி.மீ. நீளமுள்ள வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு 300 டிகிரி சூடேறினால் 1.3 மி.மீ. அளவுக்கு நீள்கிறது. அதே நீளத்தில் உள்ள ஹெட் 60 டிகிரி மட்டுமே ஏறுவதால் 0.26 மி.மீ. நீள்கிறது. ஆகவே ஒவ்வொரு பயணத்திலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஹெட்டின் முகத்தின்மேல் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நகர்ந்து, வண்டி ஆறும்போது திரும்பி வருகிறது. காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் இடையே ஒரு நாளில் ஐந்து முறை போய் வரும் வண்டி, நெடுஞ்சாலையில் ஒரே மூச்சில் பெங்களூருக்குப் போகும் வண்டியைவிட இந்த மூட்டை அதிகம் தேய்க்கிறது என்பதற்குக் காரணம் இதுவே. வேலூரின் கத்திரி வெயிலைக் குறை சொல்பவர்கள் உண்டு. வெளியே 40 டிகிரியைத் தாண்டினாலும், நூற்றுக்கணக்கான டிகிரியில் வேலை செய்யும் மேனிஃபோல்டுக்கு அது சிறிய வேறுபாடுதான். சூடேறி ஆறும் சுற்றுகளின் எண்ணிக்கையே பெரிய காரணம்.

இன்னொரு செய்தியையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சில அமெரிக்க வி-8 எஞ்சின்களில் இன்டேக் மேனிஃபோல்டு வழியாகவே ரேடியேட்டர் தண்ணீர் ஓடுவதால், கேஸ்கெட் கெட்டால் தண்ணீர் எண்ணெயோடு கலந்துவிடும். அம்பாசடரில் அப்படி இல்லை. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் அதற்காக இந்தக் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டாம். ஹெட் கேஸ்கெட்டையும் வாட்டர் பம்பையும் குழாய்களையும் பாருங்கள்.

முன்கூட்டியே கண்டுபிடிப்பது

கேஸ்கெட்டில் உள்ள ஒரு சிறிய கசிவு எப்போதும் ஒரே அளவு துளைதான். ஐட்லிங்கில் எஞ்சின் இழுக்கும் மொத்தக் காற்று மிகக் குறைவு என்பதால் அந்தக் கசிவு பெரும் பங்காகிக் கலவையை மெலிந்ததாக, அதாவது காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்ததாக, ஆக்குகிறது. வேகம் கூடும்போது அதே கசிவு பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுக்குச் சிறுத்துவிடுகிறது. எனவே ஐட்லிங்கில் மட்டும் தொல்லை கொடுத்து ஓட்டத்தில் சரியாகும் வண்டியில் முதலில் இந்த மூட்டையே பாருங்கள். எல்லா வேகத்திலும் இழுவை குறைந்திருந்தால் கார்ப்பரேட்டரின் பெட்ரோல் துளையான ஜெட், பெட்ரோல் பம்ப், தீப்பொறி விழும் நேரமான இக்னிஷன் டைமிங் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருப்பதால், பழைய அளவில் டியூன் செய்த கார்ப்பரேட்டரில் கலவை எல்லா வேகத்திலும் சற்று மெலிந்தே இருக்கும். அதைக் கேஸ்கெட் கசிவு என்று தவறாக எண்ணி எஞ்சினைப் பிரித்துவிடக் கூடாது.

ஸ்பார்க் பிளக்குகள் இந்த எஞ்சினில் நல்ல சாட்சிகள். முன்பக்க இன்டேக் வழி 1, 2 ஆகிய சிலிண்டர்களுக்கும், பின்பக்க வழி 3, 4 ஆகியவற்றுக்கும் பொதுவானது. கார்ப்பரேட்டரே மெலிந்த கலவையைக் கொடுத்தால் நான்கு பிளக்குகளும் ஒன்றுபோல வெளுத்திருக்கும். முதல் இரண்டு மட்டும் வெளுத்து, மற்ற இரண்டும் இளம்பழுப்பாக இருந்தால் முன்பக்க மூட்டில் காற்று இழுக்கிறது. மாறாக இருந்தால் பின்பக்கத்தில். எந்தக் கருவியும் இல்லாமல், பிளக் ஸ்பேனரை மட்டும் வைத்துக்கொண்டு செய்யக்கூடிய இந்தச் சோதனையை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக நம்புகிறேன்.

இன்டேக் மேனிஃபோல்டுக்குள் உள்ள வெற்றிடத்தைப் பாதரச அங்குலத்தில் அளக்கும் வாக்குவம் கேஜ் கிடைத்தால் இன்னும் நல்லது. நல்ல நிலையில் உள்ள எஞ்சின் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலம் வரை அசையாமல் காட்டும். முள் அசையாமல் நின்றும் அளவு மிகக் குறைந்திருந்தால் காற்றுக் கசிவோ பின்தங்கிய டைமிங்கோ காரணமாக இருக்கலாம். உயரம் ஏற ஏற இந்த அளவு 300 மீட்டருக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் குறையும். வேலூரில் பார்த்த அளவை ஏலகிரி மலைமேல் பார்த்த அளவோடு ஒப்பிட்டால், 900 மீட்டருக்கு நெருங்கிய அந்த உயர வேறுபாடே மூன்று அங்குலத்தைக் குறைத்துக் காட்டும். அதைக் கண்டு பதற வேண்டியதில்லை.

கசியும் இடத்தைத் துல்லியமாகக் காண, கார்ப்பரேட்டர் கிளீனரையோ பெட்ரோலையோ மூட்டின்மேல் தெளித்து, எஞ்சின் வேகம் மாறுகிறதா என்று பார்க்கும் வழக்கம் உண்டு. இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒட்டியிருக்கும் இந்த எஞ்சினில் அதைச் செய்யவே வேண்டாம் என்று வலியுறுத்திச் சொல்கிறேன். தெளித்தது சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விழுந்தால் தீப்பிடிக்கும். ஊதுபத்திப் புகையை அருகில் காட்டுவதும், அதன் கனல் பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கக்கூடும் என்பதால், ஆபத்தானது. எஞ்சின் இன்னும் சூடேறாத காலை நேரத்தில், செடிகளுக்குத் தண்ணீர் தெளிக்கும் சிறு புட்டியால் இன்டேக் மூட்டின்மேல் மட்டும் மெல்லிய தூறலாகத் தண்ணீரைத் தெளித்தால் போதும். கசிவு உள்ள இடத்தில் தண்ணீர் உள்ளிழுக்கப்பட்டு, சீறல் ஒரு நொடி அடங்கும். ஒரு மீட்டர் நீள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை மூட்டின் ஓரமாக நகர்த்திக் கேட்பதும் நல்ல வழி. விசிறியிடமிருந்து குழாயையும் கையையும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் கசிந்தால் சீறலுக்குப் பதிலாக டிக் டிக் என்ற வெடிப்பொலி வரும். மேனிஃபோல்டு சூடேறி விரிந்ததும் அது குறையும்.

பிரிப்பதும் முகம் பார்ப்பதும்

எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, பெட்ரோல் குழாயின் வாயை அடைத்துவிட்டுத் தொடங்குங்கள். முந்தைய நாள் இரவே ஒவ்வொரு ஸ்டட்டின் நுனியிலும் துரு இளக்கும் எண்ணெயை விட்டு வைப்பது, மறுநாள் ஸ்டட் முறியாமல் காக்கும். இந்த எஞ்சினின் நட்டுகள் அங்குல அளவு கொண்டவை. அரை அங்குல நட்டு 12.7 மி.மீ.; அதில் 13 மி.மீ. ஸ்பேனரைப் போட்டால் 0.3 மி.மீ. ஆட்டம் இருக்கும். துருப்பிடித்த நட்டின் முனைகள் மழுங்க அந்த ஆட்டமே போதும். பழைய இருசக்கர வாகன ஸ்பேனர்களை வைத்துச் சமாளிக்காமல் சரியான அங்குல ரிங் ஸ்பேனரையே பயன்படுத்துங்கள்.

மேனிஃபோல்டுகள் வெளியே வந்ததும் ஐந்து வழிகளிலும் சுத்தமான துணியைச் செருகி, எத்தனை துணி செருகினோம் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஒரு துணி உள்ளே தங்கிவிட்டால் வால்வு வளையும் வரை வேலை நீளும். பழைய கேஸ்கெட்டில் கல்நார் இருக்கலாம் என்பதால் அதை உலர்ந்த நிலையில் சுரண்டவோ கம்பிச் சக்கரத்தால் தேய்க்கவோ கூடாது. தண்ணீரால் நனைத்து, பித்தளைத் தகட்டாலோ மரத் துண்டாலோ மெதுவாக எடுத்து, ஈரமாகவே காகிதத்தில் பொதிந்து அப்புறப்படுத்துங்கள். அலுமினிய மேனிஃபோல்டின் முகத்தில் கிரைண்டர் தட்டை வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணுக்கு அது பளபளப்பாகத் தெரிந்தாலும், நடுவில் குழி விழுந்து அடுத்த கசிவுக்கு அதுவே வழியாகிறது.

இப்போதுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. இரண்டு மேனிஃபோல்டுகளையும் ஒன்றாகச் சேர்த்து வைத்து, அவற்றின் முகத்தின்மேல் ஒரு நேர்விளிம்பு எஃகுப் பட்டையை நீளவாக்கிலும் மூலைக்கு மூலையும் பிடித்து, அடியில் ஃபீலர் கேஜின் தகடுகளை நுழைத்துப் பாருங்கள். 0.1 மி.மீ. தகடு எங்கும் நுழையாவிட்டால் முகம் நன்றாக இருக்கிறது. அது எளிதாக நுழைந்தால், எவ்வளவு விலையுயர்ந்த கேஸ்கெட்டைப் போட்டாலும் பயனில்லை. மேனிஃபோல்டை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் முகத்தைச் சமப்படுத்த வேண்டும். உங்கள் வண்டியில் இரண்டு மேனிஃபோல்டுகளும் நடுவில் போல்ட்டுகளால் இணைந்திருந்தால், அவற்றைப் பிரித்து ஒவ்வொன்றாகச் சமப்படுத்த விடாதீர்கள். இணைத்த நிலையில் இரண்டையும் ஒரே ஓட்டமாகச் சமப்படுத்தினால்தான் இரண்டு முகங்களும் ஒரே தளத்தில் அமையும். என் மூன்று கேஸ்கெட்டுகளில் ஒன்று, தனித்தனியாகச் சமப்படுத்தியதால் அரை மில்லிமீட்டர் உள்ளே தள்ளி நின்ற இன்டேக் முகத்துக்குப் பலியானது.

ஒரே வாஷர் சேர்த்து அழுத்தும் இரண்டு விளிம்புகளின் தடிமனையும் வெர்னியரால் அளந்து பாருங்கள். இதைப் பெரும்பாலான பட்டறைகள் கவனிப்பதில்லை. ஆனால் என் அனுபவத்தில் திரும்பத் திரும்பக் கெடும் கேஸ்கெட்டுகளுக்கு இதுவே முதன்மையான காரணம். ஒரு விளிம்பு 10 மி.மீ., மற்றது 9.5 மி.மீ. என்று இருந்தால், வாஷர் சாய்ந்து தடித்த விளிம்பை மட்டும் அழுத்தும். மெல்லிய விளிம்பு அழுத்தமின்றித் தளர்ந்து கிடக்கும். எக்ஸாஸ்டையோ இன்டேக்கையோ வேறு வண்டியிலிருந்து எடுத்துப் போட்டிருந்தால் இந்த வேறுபாடு இருக்க வாய்ப்பு மிக அதிகம். தடித்த விளிம்பைச் சமப்படுத்தலாம், அல்லது வாஷரின் ஒரு பாதியை அந்த வேறுபாட்டு அளவுக்கு லேத்தில் படியாக வெட்டித் தரச் சொல்லலாம். இரண்டாவது வழி மலிவானது. மேனிஃபோல்டின் உலோகத்தையும் அது குறைப்பதில்லை. வளைந்து குழிந்துபோன பழைய வாஷரைத் திருப்பிப் போட்டு ஏமாறாதீர்கள். தடித்த புதிய எஃகு வாஷரே தேவை.

ஸ்டட்டுகளில் நட்டு கையாலேயே அடிவரை இறங்க வேண்டும். இறங்காத ஸ்டட்டை இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கி வெளியே எடுத்துப் புதிதாக மாற்றுங்கள். நட்டுகளுக்குப் பித்தளையே சிறந்தது, ஏனெனில் அது சூட்டில் ஸ்டட்டோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்வதில்லை.

கேஸ்கெட்டைப் பொருத்துவது

புதிய கேஸ்கெட்டை முதலில் ஸ்டட்டுகளின்மேல் மாட்டி, அதன் ஓரம் எந்த வழியின் வாயையும் மறைக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு பக்கம் உலோகத் தகடு கொண்ட கேஸ்கெட்டானால் தகடு மேனிஃபோல்டைப் பார்த்திருக்க வேண்டும். மேலே சொன்ன அந்த ஒரு மில்லிமீட்டர் நகர்வு வழவழப்பான தகட்டின்மேல் நடந்தால், கேஸ்கெட்டின் மென்மையான உடல் கிழிபடாது.

இந்தக் கேஸ்கெட்டை உலர்வாகவே போட வேண்டும். சிலிகான் பசை பூசுவது இன்று பரவலாகிவிட்ட பழக்கம். பெட்ரோல் பட்டால் அந்தப் பசை ஊறி இளகிவிடும். எக்ஸாஸ்ட் பக்கத்திலோ கருகி உதிரும். எங்கள் வண்டியில் ஒரு பட்டறையில் பூசப்பட்ட பசையின் இளகிய துணுக்குகளை இன்டேக் வழிக்குள்ளிருந்து நானே இடுக்கியால் எடுத்திருக்கிறேன். நேரான முகங்களுக்குப் பசை தேவையில்லை. வளைந்த முகங்களைப் பசை காப்பாற்றாது.

கார்ப்பரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் உள்ள சூடு தடுக்கும் கட்டையையும் அதன் இருபுறக் காகிதக் கேஸ்கெட்டுகளையும் இதே நேரத்தில் மாற்றிவிடுங்கள். கடையில் கிடைக்காவிட்டால் கேஸ்கெட் தாளில் வெட்டிக்கொள்ளலாம். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் வேலை செய்பவர்கள் பயன்படுத்தும் துளை உளி இருந்தால் ஸ்டட் துளைகள் பிசிறின்றி அழகாக விழும். கார்ப்பரேட்டர் நட்டுகளை மிதமாகவே இறுக்குங்கள், இல்லாவிட்டால் அதன் விளிம்பு வளைந்து புதிய கசிவு தோன்றும்.

இறுக்கும் முறையில் அவசரம் கூடாது. மேனிஃபோல்டுகளை இணைக்கும் நடு போல்ட்டுகள் இருந்தால் அவற்றைத் தளர்வாகவே வைத்து, முதலில் ஹெட்டில் உள்ள நட்டுகளை நடுவிலிருந்து இரு ஓரங்களை நோக்கி மூன்று சுற்றுகளாக இறுக்கி, கடைசியில் நடு போல்ட்டுகளை இறுக்குங்கள். அவற்றை முதலிலேயே இறுக்கிவிட்டால் ஒரு மேனிஃபோல்டு மற்றதை முகத்திலிருந்து விலக்கிப் பிடிக்கும். இறுக்க அளவுக்கு உங்கள் மாடலின் கையேட்டையே பின்பற்றுங்கள். இதே எஞ்சின் குடும்பத்தைக் கொண்ட எம்.ஜி.பி. காருக்கு அது 15 பவுண்டு-அடி, அதாவது ஏறத்தாழ 2 கிலோகிராம்-மீட்டர். நீளமான கைப்பிடியில் முழு பலத்தையும் போட்டால் இந்த அளவை எளிதாகத் தாண்டிவிடுவோம். அப்போது மேனிஃபோல்டு நகர வழியின்றி வளையும் அல்லது விளிம்பில் விரிசல் விடும். இறுக்கத்தை அளந்து காட்டும் ஒரு டார்க் ரெஞ்சை இரவல் வாங்கியாவது பயன்படுத்துங்கள்.

வண்டியை ஓட்டத் தொடங்கியதும் கார்ப்பரேட்டரை மறுபடி டியூன் செய்ய வேண்டும், ஏனெனில் அது இவ்வளவு நாளும் கசிவை ஈடுகட்டும் வகையில் திருப்பி வைக்கப்பட்டிருக்கும். எஸ்.யு. கார்ப்பரேட்டர் உள்ள வண்டியில், எஞ்சின் சூடேறிய பின் அதன் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்திப் பாருங்கள். வேகம் ஒரு கணம் ஏறிப் பழைய நிலைக்குத் திரும்பினால் கலவை சரி. ஏறியே நின்றால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் தடுமாறி இறங்கினால் பெட்ரோல் குறைவு.

மூட்டை இழுக்கும் மற்றவை

சைலன்சர் குழாயின் எடை முழுவதும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் தொங்கக் கூடாது. அடியில் உள்ள தாங்கு ரப்பர்கள் அறுந்தால், ஒவ்வொரு வேகத்தடையிலும் அந்த நீளமான குழாய் நெம்புகோல்போல மேனிஃபோல்டைக் கீழே இழுத்து, மேல் விளிம்பை ஹெட்டிலிருந்து விலக்கும். எஞ்சின் மவுண்டிங் ரப்பர்கள் நைந்திருந்தாலும் இதே விளைவுதான். கேஸ்கெட்டை மாற்றும் நாளில் வண்டிக்கு அடியில் படுத்து, சைலன்சரைக் கையால் அசைத்துப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் செலவிடுங்கள்.

டைமிங் பின்தங்கியிருந்தால் எரிதல் தாமதமாகி எக்ஸாஸ்ட் தேவைக்கு மேல் சூடேறும். நாக்கிங் சத்தத்தை அடக்க பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கண்டபடி பின்னுக்குத் திருப்பிவிட்டு அப்படியே ஓட்டுவது மேனிஃபோல்டுக்குக் கேடு. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்த வண்டியை உடனே நிறுத்திவிடாமல் இரண்டு நிமிடமாவது ஐட்லிங்கில் ஓடவிடுங்கள். நெடுஞ்சாலையிலிருந்து நேராக வாட்டர் சர்வீசுக்குப் போய்ச் சூடான எஞ்சினில் தண்ணீர் அடிக்க அனுமதிக்கவே கூடாது. வார்ப்பிரும்பு அந்த அதிர்ச்சியில் வளையும், சில வேளைகளில் வெடிக்கும்.

புதிய கேஸ்கெட் சூட்டில் படிந்து சற்று மெலியும் என்பதால், முதல் ஓட்டத்துக்குப் பின் எஞ்சின் முழுதும் ஆறியதும் எல்லா நட்டுகளையும் அதே வரிசையில், அதே அளவுக்கு மீண்டும் இறுக்குங்கள். 500 கி.மீ. ஓடிய பின் இன்னொரு முறை பாருங்கள். அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை போதும். நான் அதைப் பங்குனிக் கடைசியில், கோடை தொடங்குமுன், இரவு முழுதும் ஆறிய எஞ்சினில் விடிகாலையில் செய்து, எந்த நட்டு எவ்வளவு திரும்பியது என்று ஒரு நோட்டில் குறித்து வைக்கிறேன். ஒரே நட்டு ஆண்டுதோறும் தளர்ந்துவந்தால், அதன் வாஷரைக் கழற்றி அந்த இடத்தின் விளிம்புத் தடிமனை மறுபடியும் அளக்க வேண்டும்.